முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில்: 108-க்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்வது எப்படி?

பள்ளத்தூர்ப் பேத்தி

செட்டிநாட்டு வீட்டில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், வீடு இருக்கும் இடத்தை 108-க்கு எப்படிச் சொல்வது? முகவரியைச் சொன்னால் போதுமே என்று தோன்றும். எங்கள் ஊரில் அது அவ்வளவு சுலபமாக இல்லை.

பள்ளத்தூரில் எங்கள் ஆயா (பாட்டி) தனியாக இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பகலில் வேலைக்கு வரும் அம்மா சாயங்காலம் போய்விடுவார். நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம், அம்மான் வீட்டார் சிங்கப்பூரில். வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில். கூகுள் மேப்பில் வீட்டின்மேல் விரலை வைத்தால் புள்ளி வீட்டின் நடுவே, இரண்டாம் கட்டுக்குள் விழுகிறது. வழி கேட்டால் பின் தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தக் கதவுக்கு உட்புறம் அண்டாக்களும் பழைய மரச்சாமான்களும் அடைந்து கிடக்கின்றன. அவசரத்துக்குத் திறக்க முடியாது. வெளியே கண்ணில் படும்படி கதவு எண் எழுதிய வீடு எங்கள் தெருவில் அரிது. குடும்ப இனிஷியலைச் சொன்னால் ஊர்க்காரர்கள் வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் இரவு ஒரு மணிக்குத் தெருவில் யார் இருப்பார்கள்? இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள்.

ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் ஆயா என்ன சொல்ல வேண்டும், நாங்கள் எட்டத்தில் இருந்துகொண்டு என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஊருணிக்கரை (காரைக்குடி)

நீங்கள் சொல்வது இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குப் பொருந்தும், தங்கச்சி. கானாடுகாத்தானில் தொடங்கி கோட்டையூர் வரைக்கும் இதே அமைப்புதான். முதலில் மேப் ஏன் அப்படிச் செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வைத்த புள்ளிக்கு மிக அருகில் எந்தச் சாலை ஓடுகிறதோ அந்தச் சாலைக்கு அது வண்டியைக் கூட்டிச் செல்லும். வாசல் எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது. வீட்டின் நடுவே புள்ளி வைத்தால் முன் தெருவும் வரலாம், பின் தெருவும் வரலாம். ஆகவே புள்ளியை வீட்டின்மேல் வைக்காதீர்கள். முகப்புப் படிக்கு எதிரே, தெருவின்மேல் வையுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அங்கேயே நின்று, அந்த இடத்தைச் சேமித்து, வீட்டில் உள்ள எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஜி.பி.எஸ். வேலை செய்ய இணையம் தேவையில்லை. போன் செயற்கைக்கோள்களிடமிருந்து சமிக்ஞையை வாங்கித் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. வரைபடத்தை இறக்கவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும்தான் இணையம் வேண்டும். திறந்த வெளியில் சாதாரண போனே ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். ஆனால் நம் வீட்டுக் கனத்த சுவருக்கும் ஓட்டுக்கூரைக்கும் உள்ளே அந்தச் சமிக்ஞை மங்கிவிடும். அப்போது போன் செல்போன் கோபுரத்தை வைத்து உத்தேசமாக ஓர் இடம் சொல்லும். கிராமப்புறத்தில் கோபுரங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் அந்த உத்தேசம் ஒரு கிலோமீட்டர்கூடத் தவறலாம்.

திரையில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். வட்டம் பெரிதாக இருந்தால் போனுக்கே நிச்சயமில்லை என்று பொருள். தெருவுக்கு வர முடியாதவர்கள் வளவு வாசலுக்கு (வீட்டுக்குள் இருக்கும் திறந்த முற்றத்துக்கு) வந்து, வானம் தெரியும் இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, வட்டம் சுருங்கும்வரை கொஞ்சம் பொறுத்து அனுப்ப வேண்டும். பட்டாலை என்கிற கூடத்திலோ உள்ளறையிலோ இருந்து அனுப்பிய இடத்தை நம்பவே கூடாது.

முன்னாள் பைலட்

நான் 108 வண்டியில் வேலை பார்த்தவன். எங்கள் வண்டியில் ஓட்டுநரை பைலட் என்றுதான் சொல்வார்கள். ஊருணிக்கரை அண்ணன் சொன்னது சரி. ஆனால் அதற்கு முந்திய கட்டம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் நேரம் போகிறது.

108-ஐ அழைத்தால் எடுப்பவர் காரைக்குடியில் இல்லை, சென்னையில் இருக்கிறார். 2008-இல் தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியதிலிருந்து மாநிலம் முழுவதற்கும் அழைப்பு மையம் அங்கேதான். உங்களுக்கு வீட்டு வாசல்போல் தெரிந்த ஊர் அவருக்கு ஒரு பெயர் மட்டுமே. ‘கொத்தமங்கலம்’ என்கிறீர்கள். நம் செட்டிநாட்டுக் கொத்தமங்கலம் ஒன்று, ஆலங்குடி தாலுகாவில் ஒரு கொத்தமங்கலம். ‘திருப்பத்தூர்’ என்கிறீர்கள். நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் ஒன்று. 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகவே ஆன திருப்பத்தூர் இன்னொன்று. பதற்றத்தில் இருப்பவர் ‘திருப்பத்தூர் பஸ் நிலையம் பக்கம், சீக்கிரம் வாங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எடுத்தவர் எதை எடுத்துக்கொள்வார்?

மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, அடையாளம். இந்த வரிசையில் சொல்லுங்கள். பெரியதிலிருந்து சிறியதுக்கு. நம் பகுதி இரண்டு மாவட்டத்தில் கிடப்பதால் இது இன்னும் முக்கியம். ராயவரம், கடியாபட்டி, அரிமளம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் சிவகங்கை மாவட்டம். பேச்சில் எல்லாமே ‘காரைக்குடிப் பக்கம்’தான். மையத்தில் இருப்பவருக்கு அது போதாது.

அடையாளம் என்பது இரவில் வண்டிக்குள் இருந்து பார்த்தால் தெரிவதாக இருக்க வேண்டும். ‘நாகலிங்க மரத்து வீட்டுக்கு எதிரே’ என்றால் எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் டேங்க், ஊருணி, ரேஷன் கடை, கோயில் கோபுரம், பள்ளிக்கூடம் என்று சொல்லுங்கள். அங்கிருந்து எத்தனையாவது திருப்பம், வலமா இடமா என்று சொல்லுங்கள். செட்டிநாட்டுத் தெருக்கள் கட்டம் கட்டமாக, நேர்நேராக ஓடுபவை. பகலில் அழகு, இரவில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒரே உயரத்தில் நீண்ட மதில், ஒரே மாதிரி முகப்பு, விளக்கில்லாத வீடுகள். வண்டியின் முன்விளக்கு தரையைக் காட்டும்; வளைவின் மேல் சுண்ணாம்பில் செதுக்கிய இனிஷியலைக் காட்டாது.

வண்டியை ஒதுக்கிய பிறகு பைலட்டோ மருத்துவ உதவியாளரோ அழைத்த எண்ணுக்கே திரும்ப அழைப்பார்கள். மிகப் பல வீடுகளில் அந்த நேரத்தில் அந்த எண் ‘பிஸி’யாக இருக்கும். தகவல் தெரிந்த சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அழைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஊருணிக்கரையில் வண்டியை நிறுத்திக்கொண்டு மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருப்போம். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: 108-ஐ அழைத்த போனை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். சொந்தக்காரர்களுக்கு இன்னொரு போனிலிருந்து சொல்லுங்கள். பைலட் அழைத்ததும் அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்புங்கள். முகப்பு விளக்கைப் போடுங்கள். ஒரே ஓர் ஆள் டார்ச்சோடு முக்கில் நின்றால் போதும்.

கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். உள்ளே வந்து பார்த்துவிட்டுப் பின்னோக்கி எடுத்துத் திரும்புவதற்குள் நேரம் ஓடிவிடும்.

தேவகோட்டைத் தம்பி

லைவ் லொகேஷன் அனுப்பினால் போதாதா அண்ணன்? வண்டி நம்மைப் பார்த்துக்கொண்டே வந்துவிடலாமே.

ஊருணிக்கரை (காரைக்குடி)

தம்பி, நோயாளி நகரப்போவதில்லை. வீட்டுக்குள் இருக்கும்போது லைவ் லொகேஷன் போட்டால் புள்ளி அங்குமிங்கும் ஆடும். முன் தெருவில் இருந்த புள்ளி பின் தெருவுக்குத் தாவும். பார்ப்பவருக்குக் குழப்பம். ஒரே இடத்தில் இருந்தால் ‘இப்போதைய இடம்’ என்பதை ஒரு முறை, சரிபார்த்து அனுப்புவதே மேல். லைவ் லொகேஷன் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று ஓடுவது. நோயாளியை நம் காரில் ஏற்றிக்கொண்டு எதிரே வரும் ஆம்புலன்ஸைச் சந்திக்கப் போகும்போது அது உதவும். அதுவும் வழி நெடுக இணையம் இருந்தால்தான்.

மேலவீதி

எதற்கு இவ்வளவு? காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு காரைக்குடிக்குப் போய்விட வேண்டியதுதான். பள்ளத்தூருக்கும் காரைக்குடிக்கும் எவ்வளவு தூரம்? ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கலாம்.

இரவுப்பணிச் செவிலியர்

ஐயா, உங்கள் அவசரம் புரிகிறது. ஆனால் எண்பது வயது ஆயா தனியாக இருக்கும் வீட்டில் காரும் இல்லை, ஓட்ட ஆளும் இல்லை. இருந்தாலும், நெஞ்சுவலி உள்ளவரை முகப்பு வரை நடக்க வைப்பது ஆபத்து. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரை இரண்டு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் மடக்கி வைத்தால் முறிவு இன்னும் மோசமாகும். வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது, ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவர் இருக்கிறார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வாய் கோணி, கை விழுந்து வருபவர்களை உறவினர்கள் முதலில் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போய், பிறகு இன்னோர் இடத்துக்கு என்று அலைந்து, கடைசியில் எங்களிடம் கொண்டுவருகிறார்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தைத் தெருவிலேயே தொலைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பைலட் அண்ணன் சொன்னதை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டலாம்.

கோட்டையூர்க் கணக்காசிரியர்

இணையம் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, பேச மட்டும் முடிகிறது என்ற நிலையைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வாயால் சொல்லலாம், குறுஞ்செய்தியாகவும் அனுப்பலாம். சமிக்ஞை மெலிந்த இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

மேப்பில் ஓர் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த இரண்டு எண்களும் தெரியும். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் போதும். நான்காம் இலக்கத்தில் ஒன்று பிசகினால் 11 மீட்டர்தான் வித்தியாசம், வாசல் தெரியும். மூன்றாம் இலக்கத்தில் பிசகினால் 110 மீட்டர். நம் ஊரில் அது அடுத்த தெரு. இரண்டாம் இலக்கத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. காரைக்குடியின் அட்சரேகை ஏறத்தாழ 10.07. தேவகோட்டையுடையது 9.95. பத்தாம் பாகைக் கோடு இரண்டு ஊர்களுக்கும் நடுவே போகிறது. காரைக்குடியிலேயே இருந்து பழகியவர்கள் ‘நம் பக்கம் எல்லாம் பத்துதான்’ என்ற நினைப்பில் தேவகோட்டை வீட்டுக்கு 10.95 என்று சொல்லிவிட்டால், அந்த இடம் லால்குடியையும் தாண்டி வடக்கே விழும். தீர்க்கரேகை இரண்டு ஊருக்கும் 78-இல் தொடங்கும். இதிலும் ஒரு வேடிக்கை: பைலட் சொன்ன இரண்டு திருப்பத்தூர்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 78.5-க்கும் 78.6-க்கும் இடையில் இருக்கின்றன. அட்சரேகைதான் 10.1, 12.5 என்று வேறுபடுகிறது. நேர்க்கோட்டிலேயே 250 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே முதல் எண்ணைத் தப்பாமல் சொல்லுங்கள், எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

வரைபட ஆர்வலர்

இதற்கெல்லாம் முடிவு கட்டத்தான் அஞ்சல் துறை 2025-இல் டிஜிபின் கொண்டுவந்தது. ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்து, எண் கொண்ட ஒரு குறியீடு. 630-இல் தொடங்கும் நம் பின்கோடு ஓர் அஞ்சலகத்தின் எல்லை முழுவதையும் குறிக்கிறது. டிஜிபின் உங்கள் முகப்புப் படியையே குறிக்கும். கூகுளின் பிளஸ் கோடும் இதே வகைதான். அதில் வழக்கமான குறியீடு 14 மீட்டர் அளவுள்ள கட்டத்தைக் காட்டும். எல்லா வீட்டு முகப்பிலும் டிஜிபின் பலகை வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

முன்னாள் பைலட்

பலகை வைப்பதை வரவேற்கிறேன். ஆனால் அழைப்பின்போது அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். டிஜிபின்னில் வரும் ஆங்கில எழுத்துகளில் சி, பி, டி மூன்றும் உண்டு. ஜே, கே இரண்டும் உண்டு. மூச்சிரைக்கிற ஒருவர் கரகரக்கும் போனில் இவற்றைச் சொன்னால் எது எது என்று பிரித்துக் கேட்க முடியுமா? ஓர் எழுத்து மாறினால் இடமே மாறிவிடும். எழுத்தாக அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். வாயால் சொல்வதானால் ஊர், தெரு, அடையாளம் முதலில். குறியீடு அதற்குப் பிறகு.

வரைபட ஆர்வலர்

ஒப்புக்கொள்கிறேன். சில நாடுகளில் இந்தச் சிரமமே இல்லை. பிரிட்டனில் 2014-இலேயே ஓர் ஏற்பாடு வந்துவிட்டது: அவசர எண்ணை அழைத்தவுடன் போன் தானே ஜி.பி.எஸ்.ஸை இயக்கி, இடத்தைக் கட்டுப்பாட்டு மையத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடும். ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வசதியை கூகுள் 2016-இல் சேர்த்தது. ஆனால் போனில் இருந்தால் மட்டும் போதாது, வாங்கும் மையமும் அதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அதனால் ‘போன் எல்லாம் பார்த்துக்கொள்ளும்’ என்று நாம் இங்கே சும்மா இருந்துவிடக் கூடாது. 108-இல் வாயால் சொல்லத்தான் வேண்டும்.

பாதயாத்திரை அடியார்

வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோமே, அந்த வழியில் என்ன செய்வது? சிங்கம்புணரி தாண்டி சமுத்திராபட்டி, நத்தம் என்று போகும்போது மாவட்டமே மாறிவிடுகிறது. விடியற்காலை இருட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால், கூட நடப்பவர்களுக்கு எந்த ஊர் எல்லையில் நிற்கிறோம் என்றே தெரியாது.

நாங்கள் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். மைல்கல்லைப் படித்துக்கொண்டே நடக்க வேண்டும். கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ‘நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகும் சாலை, திண்டுக்கல் இத்தனை கிலோமீட்டர் என்று எழுதிய கல்லுக்கு அருகில், போகும்போது இடது கைப்பக்கம்’ என்று சொன்னால் வண்டி நேராக வந்துவிடும். எந்தத் திசையில் நடந்துகொண்டிருக்கிறோம் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணும் உண்டு.

குழுவில் ஒருவராவது போனை அணைத்து வைத்து, மின்னூட்டத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு வருவது நல்லது. எல்லோர் போனிலும் முருகன் பாட்டு ஓடி ஓடி, தேவைப்படும்போது ஒன்றிலும் உயிர் இருக்காது.

ரயில்வே குடியிருப்பு

தண்டவாளத்தின் ஓரத்தில் என்றால் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். சாய்கோட்டுக்கு முன் கிலோமீட்டர், பின் அந்தக் கிலோமீட்டரில் எத்தனையாவது கம்பம் என்பது. செட்டிநாடு நிலையத்துக்கும் காரைக்குடிக்கும் இடையே என்று சொல்லி அந்த எண்ணையும் ரயில்வே உதவி எண்ணான 139-இல் சொன்னால் இடம் புரிந்துவிடும்.

பூட்டிய வீட்டுப் பங்காளி

ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. இடத்தைப் பகிர்வது சரி, யாரிடம்? எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். பாதிப் பேரை எனக்கு முகம் தெரியாது. ‘அப்பத்தா தனியாக இருக்கிறார், அவசரத்துக்கு இதோ வீட்டின் லொகேஷன்’ என்று ஒருவர் அதில் போட்டிருந்தார். பதறிப்போய் நீக்கச் சொன்னேன். தேக்குக் கதவும் பழைய சாமான்களும் திருடு போகிற ஊர் இது. எந்த வீட்டில் வயதானவர் ஒண்டியாக இருக்கிறார், வாசல் எந்தப் பக்கம் என்பதைப் புள்ளி வைத்துக் காட்டுவது அவசர உதவி ஆகாது. நம்பிக்கையான ஐந்தாறு பேருக்கு மட்டும் அனுப்புங்கள். லைவ் லொகேஷன் போட்டால் வேலை முடிந்ததும் நிறுத்துங்கள்.

மேலவீதி

பங்காளி சொல்வது நியாயம். ஆனால் அந்த ஐந்தாறு பேரில் ஊரில் இருப்பவர் இரண்டு பேராவது வேண்டும். எல்லோரும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்தால் லொகேஷன் இருந்தும் பயனில்லை.

பள்ளத்தூர்ப் பேத்தி

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஆயா எனக்குத்தான் முதலில் அழைப்பார். நான் பெங்களூரிலிருந்து 108-ஐ அழைக்கலாமா? இரண்டாவது, ஆயாவிடம் இருப்பது பொத்தான் போன். அதில் என்ன செய்ய முடியும்?

முன்னாள் பைலட்

பெங்களூரில் 108-ஐ அழைத்தால் கர்நாடக மையம் எடுக்கும், தங்கச்சி. சிங்கப்பூரிலிருந்து அழைப்பே போகாது. அதனால் ஊரில் அருகில் குடியிருப்பவரையோ கடைக்காரரையோ இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் அவர்களுக்குச் சேமித்த இடத்தை அனுப்புங்கள். முன்வாசல் சாவி ஒன்று அவர்களிடம் இருக்க வேண்டும். வண்டி சரியான வாசலுக்கு வந்து, உள்ளே தாழ் போட்டிருந்தால் என்ன செய்வது? ஆயா இரவில் உள்தாழ் போடும் பழக்கம் உள்ளவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருணிக்கரை (காரைக்குடி)

பொத்தான் போனுக்கு நான் சொல்கிறேன். 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பொத்தான் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் பொது அவசர எண்ணான 112-க்கு அழைப்பு போகும். ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை வேகமாக அழுத்த வேண்டும். எந்தப் பொத்தான் என்று போனோடு வந்த கையேட்டில் பாருங்கள். சோதிப்பதற்காக அழுத்தி 112-இல் இருப்பவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அதைவிடப் பழைய போனாக இருந்தால் 2-ஆம் பொத்தானில் அவர்களுடைய எண்ணைப் பதிந்துவிடுங்கள், அழுத்திப் பிடித்தால் அழைப்பு போகும்படி. அந்தப் பொத்தானின்மேல் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் கண்ணாடி போடாமலே ஆயாவுக்குத் தெரியும்.